வெட்டிய இடத்துக்குக் கீழே

கண்ணாடிக் கிண்ணத்தைத் திறக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் திறக்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கிண்ணத்துக்குள் ஒரு காளான் குடை, காம்பு நறுக்கப்பட்டு, தாளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தாள் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. எதற்கு இரண்டு நிறம் என்று கேட்டேன். காளானோட தூள் கீழ விழும் ஐயா, வெள்ளைத் தூள் வெள்ளைத் தாள்ல தெரியாது, கறுப்புத் தூள் கறுப்புல தெரியாது, எது விழும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு தாள் வைக்கக் கூடாது பாருங்க என்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்றேன். மூணு மணி நேரம், நாலு மணி நேரம், அதோட இஷ்டம். சுவரில் கடிகாரம் பத்தே முக்கால் காட்டுகிறது. இங்கிருந்து இரண்டு தெரு தள்ளிப் பெரிய ஆஸ்பத்திரியில் மாகாளி கிடக்கிறான். இதே காளானைத் தின்றுவிட்டுக் கிடக்கிறான். கொடுத்தவன் நான். தாளில் என்ன நிறம் விழுகிறது என்று தெரிந்தால் அவன் பிழைப்பானா என்று தெரியும், ஏறக்குறைய தெரியும், டீச்சர் எதையும் ஏறக்குறைய என்றுதான் சொல்கிறார். வெள்ளை விழுந்தால் ஈரலைத் தின்கிற ஜாதியாக இருக்கலாம். அதைத் தின்றவன் ஒரு நாள் தேறிவிட்ட மாதிரி எழுந்து உட்காருவானாம், சிரிப்பானாம், கஞ்சி கேட்பானாம், மூன்றாம் நாள் போய்விடுவானாம். எழுபத்து மூன்று வயது வரைக்கும் இப்படி ஒரு காளான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மனிதர்களில் உண்டு. மேடையில் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு மூன்றாம் நாள் கையெழுத்துப் போடுகிறவர்கள். அவர்களை எனக்குத் தெரியும்.

லீவு நாள், கல்லூரியில் ஆள் இல்லை. நீளமான மேஜைகள், மூடிபோட்ட பாட்டில்கள், பாட்டிலுக்குள் மஞ்சள் தண்ணீரில் மிதக்கிற என்னென்னவோ. ஆஸ்பத்திரி டாக்டர்தான் இங்கே அனுப்பினார். மிச்சம் இருக்கா என்று கேட்டார். இருக்கு சார், சமைக்காத காளான் ரெண்டு வீட்டுல இருந்துச்சு, கையோட எடுத்துக்கிட்டு வந்திருக்கேன் என்று மடியிலிருந்து எடுத்துக் காட்டினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்குகிற வரைக்கும் ஆம்புலன்ஸில் மாகாளியின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தைப் பிள்ளையைப் போலப் பிடித்துக்கொண்டு வந்தேன். உடனே ஹசீனா டீச்சர்கிட்ட கொண்டு போங்க, போன் பண்ணிச் சொல்லிடறேன் என்றார். டீச்சருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், முக்காட்டின் மேல் கண்ணாடியை ஏற்றி விட்டிருந்தார், கையில் பென்சில். பொட்டலத்தைப் பிரித்தவுடன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், இரண்டும் முழுசு, கசங்கவில்லை, மண் ஒட்டவில்லை. அவர் காம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அடி எங்க ஐயா? எந்த அடி? மண்ணுக்குள்ள இருந்த பகுதி. அது எதுக்கு, மண்ணா இருக்கும்னு மட்டமா வெட்டினேன். எதால வெட்டினீங்க? கவாத்துக் கத்தியால. அவர் பென்சிலால் ஒரு தாளில் படம் வரையத் தொடங்கினார், குடை, குடைக்குக் கீழே மடிப்புகள், காம்பு, காம்பில் ஒரு வளையம், காம்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டார். ரொம்ப கெட்ட காளானுக்கு மண்ணுக்குள்ள ஒரு கிண்ணம் மாதிரி உறை இருக்கும் ஐயா, முட்டை ஓடு மாதிரி, அதப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பேன், நீங்க அத மண்ணுலயே விட்டுட்டு வந்துட்டீங்க. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கோபத்துக்குப் பதில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

கவாத்து என்றால் தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிச் சமன் செய்வது. முப்பத்தொரு வருஷம் அதுதான் என் வேலை. ஒரே வீச்சு, வெட்டு சாய்வாக, பட்டை கிழியாமல். கிழிந்தால் தண்ணீர் இறங்கிச் செடி அழுகும். ஞானப்பிரகாசம் வெட்டிய பாத்தியைப் பார்த்தால் தெரியும் என்பார்கள், வெள்ளைக்காரன் காலத்து ஹெட் கங்காணி எவனும் எங்கள் அப்பனுக்குக் கூட அந்தப் பெயரைக் கொடுத்ததில்லை. கத்தி கையில் இருந்தால் நான் பிடுங்க மாட்டேன், வெட்டுவேன். நேற்று மட்டும் பிடுங்கியிருந்தால். அம்மா பிடுங்குவாள், புற்றுக்காளானை இரண்டு விரலால் பிடித்து ஆட்டி ஆட்டி இழுப்பாள், முழ நீளத்துக்கு வால் வரும், மண்ணோடு. டீச்சரிடம் சொன்னேன், நாங்க புற்றுக்காளான் தின்னு வளந்தவங்க டீச்சர், எனக்குக் காளான் தெரியும். புற்றுக்காளான்னா வேர் மாதிரி கறையான் புத்துக்குள்ள இறங்கியிருக்கும் ஐயா, வெட்டாம புடுங்கியிருந்தா இது அது இல்லன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். புழு கடிச்சிருந்துச்சு டீச்சர், புழு தின்னா மனுஷன் தின்னலாம்னு சொல்லுவாங்க. புழுவுக்கு வயிறு வேற, நமக்கு வேற. வெள்ளிக் காசு போட்டுக் கொதிக்க வச்சா கறுக்கும்னு. எதப் போட்டாலும் கறுக்காது, சும்மா. ஒரு வாழ்க்கை முழுவதும் எங்கள் லயத்தில், எஸ்டேட் வீட்டு வரிசையில், நாங்கள் நம்பியிருந்த அடையாளங்களை அவர் உட்கார்ந்த இடத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பையில் போட்டார். அப்ப எத வச்சுத்தான் சொல்றது என்றேன். ஒன்ன வச்சு சொல்லவே முடியாது, அதான் விஷயம் என்றார்.

அடையாளங்கள். நான் ஏழு எழுதினேன். முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால், சங்கத்துக்காக, இதே ஊரில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இருந்த அச்சகத்தில், மஞ்சள் தாளில், எட்டுப் பக்கம். கருங்காலியைக் கண்டுபிடிக்க ஏழு அடையாளங்கள். பள்ளிக்கூடத்தில் நான்காவதோடு நின்றவன் நான், படித்ததெல்லாம் துண்டறிக்கைகளிலும் சிறு பிரசுரங்களிலும்தான், கூலி என்றால் என்ன, உபரி என்றால் என்ன என்று டீத்தூள் கட்டிய தாளை விரித்துப் படிப்பது போலப் படித்தேன், ஆனால் எழுதினால் மலையில் இருந்த பதினாறு எஸ்டேட்டிலும் உரக்க வாசிப்பார்கள். ஒன்று, கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பான். இரண்டு, வேலைநிறுத்தம் முப்பது நாளைக் கடந்த பிறகும் அவன் வீட்டு அடுப்பு புகையும். மூன்று, சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரிப்பான். நான்கு, துரை பங்களாவின் பின் வாசலில் காணப்படுவான். மற்ற மூன்றும் மறந்துவிட்டன. இல்லை, மறக்கவில்லை, சொல்ல நன்றாக இல்லை. ஒன்று அவன் பெண்டாட்டியைப் பற்றியது. வேலைநிறுத்தத்தின் முப்பத்தெட்டாவது நாள் விடிகாலையில் பங்களாவின் பின் வாசலிலிருந்து மாகாளி வெளியே வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். உச்சிமாகாளி, என் ஜோடி, ஒரே பாத்தியில் எதிரெதிரே நின்று கவாத்து வெட்டியவன், என் பிரசுரத்தைக் கட்டுக் கட்டாகச் சுமந்து மேட்டு எஸ்டேட்டுக்குக் கொண்டுபோனவன். பனியில் காக்கிக் கோட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்தான். அன்றைக்குப் பத்து மணிக்கு காலையில் பெயர் கூப்பிடுகிற மஸ்டர் மைதானத்தில் முன்னூறு பேருக்கு நடுவில் அவனை நிறுத்தி ஏழு அடையாளங்களையும் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஆமா என்றது. அவன் வீட்டு அடுப்பு புகைந்ததா என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் ஆமா என்றது. அவன் ஒரே ஒரு வார்த்தை பேசினான். நான் போனது நெசம்தான், எதுக்குப் போனேன்னு கேக்க மாட்டியா ஞானம்? கூட்டம் சிரித்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவான், சொன்னால் கேட்க வேண்டியிருக்கும், முப்பத்தெட்டு நாள் பட்டினி கிடந்த கூட்டத்துக்கு அன்றைக்கு ஒருவன் தேவைப்பட்டான். அது எனக்கு அப்போதே தெரியும் என்று இப்போது நினைக்கிறேனா, அப்போதே நினைத்தேனா, முப்பத்து நான்கு வருஷமாக அந்த இடத்துக்கு வந்தவுடன் மனசு இடறி வேறு பக்கம் போய்விடுகிறது. நாற்பத்திரண்டாவது நாள் வேலைநிறுத்தம் முடிந்தது. கையெழுத்துப் போட்டவர் சங்கத்தின் தலைவர், கீழே ஒரு ஓட்டல் அறையில். அவர் கூட்டத்தில் எப்போதும் முன்வரிசை. அவர் வீட்டு அடுப்பு எங்கே இருந்தது என்றே எங்களுக்குத் தெரியாது. என் ஏழில் ஒன்று கூட அவர் மேல் பொருந்தவில்லை.

மணி பன்னிரண்டு. கிண்ணத்தின் உள்பக்கம் வியர்த்திருக்கிறது. தாளில் ஏதோ விழுந்தது போலவும் இருக்கிறது, விழாதது போலவும் இருக்கிறது. குடையின் ஓரம் மறைக்கிறது. ஆஸ்பத்திரியில் அவனுக்கு என்ன ஆகியிருக்கும்? அவன் பெண்டாட்டி சுப்புத்தாய் வாசலில் உட்கார்ந்திருப்பாள். ஏற்றிக்கொண்டு வரும்போது வழி முழுவதும் அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை, அவனுடைய வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கேட்டிருக்கலாம். நானும் தின்பதாகத்தான் இருந்தேன் என்று சொல்லியிருப்பேன். எனக்கென்று இரண்டு வைத்திருந்தேன், சாயங்காலமே கஞ்சி குடித்துவிட்டதால் காலையில் பொரித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன், அந்த இரண்டுதான் இங்கே இருக்கின்றன. இது சாட்சி ஆகாதா? ஆகாது. முப்பத்து நான்கு வருஷம் பேசாதவன் ஒரு நாள் காளான் கொண்டுவந்து கொடுத்தான், தின்றவன் செத்தான், கொடுத்தவன் தின்னவில்லை. இதைக் கொண்டு நானே எட்டுப் பக்கத்துக்கு ஒரு பிரசுரம் எழுதுவேன், யாராலும் பதில் சொல்ல முடியாதபடி எழுதுவேன். எஸ்டேட் மூடி மூன்று வருஷம் ஆகிறது. எல்லோரும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், பனியன் கம்பெனிக்கு. பன்னிரண்டு வீட்டு லயத்தில் விளக்கு எரிவது இரண்டு வீட்டில், அவன் வீடு, என் வீடு, நடுவில் ஒரு சுவர். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள், என் கதவில் ஒட்டியதை நான் கிழித்தேன், அவன் கதவில் ஒட்டியதையும் நானே கிழித்தேன், அவன் பார்த்துக்கொண்டு நின்றான், பேசவில்லை. போன மாதக் காற்றில் என் கூரைத் தகரம் ஒன்று எழும்பிவிட்டது. கடைக்குப் போய்விட்டு வருகிறேன், மாகாளி என் கூரை மேல் நிற்கிறான், எழுபது வயதில், தகரத்தின் மேல் கல் தூக்கி வைக்கிறான். வைத்துவிட்டு இறங்கிப் போனான். அந்தக் கல்லின் பாரம் ஒரு மாதமாக என் தலைக்கு மேல் இருந்தது. யாருக்கும் கடன்பட்டவனாக நான் இருந்ததில்லை.

அதனால்தான் காளான். பூட்டிக் கிடக்கிற துரை பங்களாவின் முன்னால் புல்தரை இருக்கிறது, நேற்று சாயங்காலம் மழை விட்டதும் அந்தப் பக்கம் போனேன். அந்தப் புல்லில் நாங்கள் கால் வைக்கக் கூடாது என்று இருந்த காலத்தை நினைத்துக்கொண்டு நடுவில் நடப்பது எனக்கு ஒரு பழக்கம், வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்து நடப்பேன். வெள்ளை வெளேரென்று, தட்டு அளவு பெரிசு, வட்டமாக நின்றன, கூட்டம் போட்டது போல. பன்னிரண்டு வெட்டினேன். துரையின் தரையில் முளைத்ததை நாம் தின்கிறோம் என்று ஒரு திமிர். பத்தைத் தேக்கு இலையில் கட்டி அவன் வாசலில் நீட்டினேன். முப்பத்து நான்கு வருஷத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் பேச்சு, காளான், பொரிச்சுத் தின்னு. அவன் வாங்கி மோந்து பார்த்தான். நல்லதுதானா ஞானம்? அந்தக் கேள்வியில் ஒன்றும் இல்லை, யாரும் கேட்கிற கேள்வி, எனக்குத்தான் சுருக்கென்றது. நான் என்ன சொன்னேன்? ஆளையே பாத்த மாத்திரத்துல சொல்றவன் நான், எனக்குக் காளான் தெரியாதா? அப்படியே சொன்னேன். அவன் சிரித்தான், ஆமாமா, நீ பாத்தாச் சரியாத்தான் இருக்கும் என்றான். கிண்டலா, மன்னிப்பா? மன்னிப்புக் கேட்க வேண்டியவன் யார்? ஏழரை மணிக்கு அவன் வீட்டிலிருந்து பொரிக்கிற வாசனை வந்தது, மிளகும் வெங்காயமும். சுப்புத்தாய் அன்றைக்கு மேட்டு எஸ்டேட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்றான். காலை ஐந்து மணிக்கு அவள் வந்து கதவைத் திறந்து கத்தியபோதுதான்... விடியக்காலம்தான். சுப்புத்தாய் சொன்னதைத்தான் நான் டாக்டரிடமும் சொன்னேன், டீச்சரிடமும் சொன்னேன். எப்ப வாந்தி ஆரம்பிச்சுது? விடியக்காலம் அஞ்சு மணிக்குங்க. டீச்சர் பென்சிலால் எழுதிக்கொண்டார், ஐந்து மணி, கீழே ஒரு கோடு போட்டார். எதற்குக் கோடு? வேறு எதற்கும் கோடு போடவில்லையே.

ராத்திரி ஒன்பதரை மணி. அப்போது விழித்துத்தான் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம், மனிதச் சத்தம் போல இல்லை, பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போல, அமுங்கி, கனமாக. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி. குடித்துவிட்டு வாந்தி எடுக்கிறான் என்று நினைத்தேன். மாகாளி குடிக்கிறவன் இல்லை. குடிக்கிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் குடித்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன், நினைக்க வசதியாக இருந்தது. எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. உடம்புக்கு முடியாவிட்டால் பக்கத்து வீட்டுச் சுவரை மூன்று தரம் தட்ட வேண்டும், தட்டினால் சண்டைக்காரனாக இருந்தாலும் எழுந்து போக வேண்டும், என் பெண்டாட்டி செத்த அன்றைக்கு நான் தட்டினேன், வலப்பக்கத்துச் சுவரை. இடப்பக்கம் மாகாளியின் சுவர், அதைத் தட்டவில்லை. நேற்று அவன் தட்டவில்லை. தட்டாதவன் வீட்டுக்கு நான் எதற்குப் போக வேண்டும்? இதைத்தான் காலையிலிருந்து எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவன் தட்டவில்லை, அவன் தட்டவில்லை, நல்ல வாதம், எந்தக் கூட்டத்திலும் எடுபடும். கம்பளியைக் காதுக்கு மேல் இழுத்துக்கொண்டேன் என்பதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

டீச்சர் டீ கொண்டுவந்து வைத்தார். பிளாஸ்க் டீ. நான் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தேன். டஸ்ட் தூள் ஐயா, எங்களுக்கு இதான் கெடைக்குது, நல்லதெல்லாம் கப்பல்ல போயிருது என்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. இதைச் சொல்லித்தான் நான் இருபது வருஷம் கூட்டம் போட்டேன். அவர் இரண்டாவது காளானை எடுத்து வேலை பார்க்கத் தொடங்கினார். அளவுகோல் வைத்து அளந்தார். காம்பில் இருந்த வளையத்தை விரலால் மேலும் கீழும் நகர்த்தினார், வளையல் மாதிரி நகர்ந்தது. இது ஒரு நல்ல அறிகுறி என்றார். அப்ப நல்ல காளானா? நான் அப்படிச் சொல்லல, ஒரு அறிகுறின்னு சொன்னேன். மடிப்பிலிருந்து மயிர் அளவு ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடியில் வைத்துச் சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பக்கத்தில் ஒரு தடித்த புத்தகம், அதில் கேள்விகளாகவே இருந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வழி, ஆம் என்றால் இந்த எண்ணுக்குப் போ, இல்லை என்றால் அந்த எண்ணுக்குப் போ. பத்து நிமிஷம் போய்க்கொண்டே இருந்தவர் ஓரிடத்தில் நின்றார். இங்க அடியக் கேக்குது, என்கிட்ட அடி இல்ல. அப்ப உத்தேசமா ஒரு பக்கம் போயிரலாம்ல டீச்சர்? கூடாது ஐயா, தப்பான பக்கம் திரும்பிட்டா கடைசியில ஒரு பேரு வந்து நிக்கும், அழகா, எல்லாம் பொருந்துற மாதிரி, ஆனா வேற ஆளா இருக்கும். அப்ப என்ன செய்வீங்க? தெரியலன்னு எழுதுவேன். தெரியலன்னா? தெரியலன்னுதான், அதுவும் ஒரு பதில்தான், எங்க பெட்டி நிறைய தெரியல இருக்கு, இருபது வருஷமா தெரியாததெல்லாம் இருக்கு. அவர் காட்டிய பெட்டியில் காய்ந்த காளான்கள் சின்னச் சின்னத் தாள் உறைகளில் இருந்தன, ஒவ்வொன்றிலும் பென்சில் எழுத்து. ஏன் பென்சில்? பேனா நனைஞ்சா ஓடிரும், பென்சில் அப்படியே நிக்கும். எங்களுடைய பிரசுரங்களெல்லாம் மழையில் ஓடிப்போன மையாகக் கண்ணுக்குள் வந்தன. எட்டுப் பக்கத்தில் நான் ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஏழு அடையாளங்களுக்குக் கீழே, எட்டாவதாக, இது எதுவும் போதாது, அவனைக் கேள் என்று. சேர்த்திருந்தால் அதை யார் உரக்க வாசிப்பார்கள்? தெரியவில்லை என்று சொல்கிறவன் பின்னால் எந்தக் கூட்டம் நடக்கும்? அவனுக்கு யார் கை தட்டுவார்கள்? இந்த அம்மாவுக்கு முன்னால் ஒரு காளான் இருக்கிறது, எனக்கு முன்னால் பட்டினி கிடந்த முன்னூறு பேர் இருந்தார்கள். இது சரியான பதில்தான். ஆனாலும் அவன் எதற்குப் போனான் என்று எனக்கு இன்று வரை தெரியாது. அவன் இப்போது செத்துவிட்டால் அதைச் சொல்ல உலகத்தில் வேறு ஆள் இல்லை.

ஒன்றே முக்காலுக்குக் கிண்ணத்தைத் திறந்தார். இடுக்கியால் குடையைத் தூக்கினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். கறுப்புப் பக்கத்தில் சாம்பல் பூத்தது போல இருந்தது, வெள்ளைப் பக்கத்தில் ஒரு சக்கரம், ஆரம் ஆரமாக, பச்சை. மங்கிய பச்சை, மழைக்காலத்துச் சுவர்ப் பாசி மாதிரி. டீச்சர் மூச்சை விட்டார். பச்சைத் தூள் போடுற பெரிய காளான் நம்ம பக்கத்துல ஒன்னுதான் ஐயா, புல்தரையில வட்டமா வரும், வயித்தப் புரட்டி எடுக்கும், உயிர எடுக்கிறது ரொம்ப அபூர்வம். நான் உட்கார்ந்தேன். பிறகு அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு குறிப்புத் தாளைப் பார்த்தார், கோடு போட்ட இடத்தை. ஆனா நேரம் பொருந்தல. என்ன நேரம்? இது தின்னா ஒரு மணி, ரெண்டு மணி, மிஞ்சினா மூணு மணி நேரத்துல வாந்தி ஆரம்பிச்சிரும். ஏழரைக்குச் சாப்பிட்டவருக்கு அஞ்சு மணிக்குத்தான் ஆரம்பிச்சுதுன்னா அது இந்தப் பச்சையோட வேலை இல்ல. அவ்வளவு தாமதமா வர்றது அந்த வெள்ளைத் தூள் ஜாதி. நீங்க பன்னெண்டு வெட்டினீங்க, என் கையில இருக்கிறது ரெண்டு. மிச்சம் பத்துல அது ஒன்னு கலந்திருந்தா? அடி இருந்திருந்தா நான் இப்படிக் கேக்க மாட்டேன். டாக்டர்கிட்ட நேரம் ஒத்து வரலன்னுதான் சொல்லப் போறேன், அவங்க உடனே கோயம்புத்தூருக்கு ஏத்திருவாங்க. இப்ப ஏத்தினா என்ன? ஏத்தலாம், ஆனா அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்காம், வண்டியில குலுக்கி எடுத்துக்கிட்டுப் போறது அவசியம்னா போகணும், அவசியம் இல்லன்னா போகக் கூடாது, அத வாந்தி தொடங்கின நேரம்தான் சொல்லும். அந்தம்மா அஞ்சு மணிக்குத்தான் வந்தாங்க, இல்லையா? அதுக்கு முன்னாடி அவர் எப்படி இருந்தார்னு யாருக்காவது தெரியுமா? அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. புத்தகத்தில் அடியைக் கேட்கிற கேள்விக்கு முன்னால் நின்றாரே, அதே மாதிரி நின்றார்.

எனக்குத் தெரியும் என்றேன். ஒன்பதரை மணி. ரெண்டு தரம். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன், கேட்டுச்சு. நல்லாத் தெரியுமா? நல்லாத் தெரியும், ரேடியோவுல கடைசிச் செய்தி முடிஞ்ச நேரம். போய்ப் பாத்தீங்களா? இல்ல. அவர் போன் எண்ணை அழுத்தினார். டாக்டரிடம் இங்கிலீஷில் பேசினார், பிறகு போனை என் பக்கம் நீட்டினார், நோயாளி வீட்டம்மா பக்கத்துல இருக்காங்களாம், நீங்களே சொல்லணுமாம், அவர் இப்பத்தான் முழிச்சிருக்கார், கேட்டு உறுதி பண்ணிக்கலாம்கறார். மைக்கின் முன்னால் எத்தனை தரம் நின்றிருக்கிறேன், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சுப்புத்தாய் என்றேன். அண்ணே என்றாள். ராத்திரி ஒன்பதரைக்கே அவன் வாந்தி எடுத்தான், எனக்குக் கேட்டுச்சு, நான் வரல. அந்தப் பக்கம் ட்ராலி உருளுகிற சத்தம், யாரோ தும்முகிற சத்தம். பிறகு அவள் குரல் விலகி, ஏங்க, ராத்திரியே எடுத்தீங்களா, ஒன்பதரைக்கா, என்றது. திரும்பி வந்தாள். ஆமாங்கறாரு அண்ணே. உங்களுக்குக் கேட்டிரக் கூடாதுன்னு வாளிக்குள்ள தலைய விட்டுக்கிட்டாராம். மனுஷன் இத்தன வருஷம் கழிச்சு ஒன்னு குடுத்திருக்கான், அது இப்படி ஆயிப்போச்சுன்னு தெரிஞ்சா நொந்து போயிருவான்னு சுவரத் தட்டலையாம். அவள் அழவில்லை. உங்களுக்குத்தான் கேட்டிருச்சே அண்ணே என்றாள், போனை யாரிடமோ கொடுத்துவிட்டாள்.

டாக்டர் டீச்சரிடம் பேசினார். கோயம்புத்தூர் வேண்டாம், இங்கேயே தண்ணீர் ஏற்றுவார்கள், இரண்டு நாள் பார்ப்பார்கள், ஏறக்குறைய ஆபத்து இல்லை. டீச்சர் பச்சை விழுந்த தாளை மடிக்காமல் ஒரு உறைக்குள் வைத்தார், இரண்டாவது காளானை இன்னொன்றுக்குள் வைத்தார், பென்சிலை எடுத்தார். பெயர் எழுதினார், இடம் எழுதினார், பங்களா புல்தரை என்று எழுதினார். அடி, கிடைக்கவில்லை. சேகரித்தவர், ஞானப்பிரகாசம். என் பெயருக்கு முன்னால் தோழர் என்று இல்லாமல் எழுதப்பட்டு வெகு காலம் ஆகியிருக்கும். வாந்தி தொடங்கிய நேரம் என்ற இடத்தில் ஐந்தை அடித்து ஒன்பதரை என்று போட்டார். தகவல் சொன்னவரும் நீங்கதான், அதையும் போடணும் ஐயா, டாக்டர் கேஸ் ஷீட்லயும் சேப்பாங்க. போடுங்க. நோயாளிக்கு நீங்க என்ன வேணும்? ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்துகிறது, கீழ்நாட்டு வெயில். பின் வாசலில் பனிக்குள்ளிருந்து கோட்டைப் போர்த்திக்கொண்டு ஒருவன் வருகிறான், வந்துகொண்டே இருக்கிறான், கேக்க மாட்டியா என்கிறான். இரண்டு தெரு தள்ளி உயிரோடு இருக்கிறான், நடந்து போனால் பத்து நிமிஷம், கேட்டால் சொல்லுவான், அதுதான் பயமாக இருக்கிறது. பக்கத்து வீடுன்னு போடவா, சிநேகிதர்னு போடவா, சொந்தமா? டீச்சரின் பென்சில் தாளின் மேல் நின்றது. தெரியலன்னு போடுங்க டீச்சர் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே எழுதினார்.